புதுக் காரும் நாலு எலுமிச்சம்பழமும்

புதுக் கார் வாங்குவது என்பது நம் வீடுகளில் ஏறக்குறைய ஒரு கல்யாணத்துக்குச் சமானம். நாள் பார்க்கிறோம். ராகு காலம், எமகண்டம் பார்க்கிறோம். வண்டியை நேரே பிள்ளையார் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை சாத்தி, தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்தின் அடியிலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். வருகிறவர்கள் எல்லாரும், "என்ன நிறம்? என்ன விலை? லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது?" என்று விசாரிக்கிறார்கள். "சக்கரத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நாங்களும் கேட்கவில்லை. அதனால் பட்ட பாட்டைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பங்குனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கார் வந்தது. முதல் நாளே என் மாமியார் ஒரு குறை சொன்னார். கோயிலிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் வண்டி தூக்கிப் போட்டது. "ஏண்டா, இது புது வண்டியா, ஜட்கா வண்டியா?" என்று மகனைக் கேட்டார். என் கணவருக்குச் சுருக்கென்றது. லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியவர் அல்லவா? "புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான் அம்மா. புது வண்டி ஓட ஓடத்தான் பழகும்" என்று சமாதானம் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஒரு மாதம் ஓடியும் வண்டி பழகவில்லை. சித்திரையில் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டோம். நாங்கள் இருவர், மாமியார், பெண், பிள்ளை ஆக ஐந்து பேர். பின்னால் பெட்டிகள், தண்ணீர்க் குடம், புளியோதரைத் தூக்கு. திண்டிவனம் வரையில் நல்ல சாலை, குறையொன்றும் தெரியவில்லை. செஞ்சி தாண்டிய பிறகு ஓரிடத்தில் சாலையைக் கொத்திப் போட்டிருந்தார்கள். மேடும் பள்ளமுமாக, மேலே உதிரி ஜல்லி. அந்தச் சமயம் பார்த்து ஓர் ஆட்டுக் கூட்டமும், அதன் பின்னால் பத்து வயசுப் பையன் ஒருவனும் சாலையின் குறுக்கே வந்தார்கள்.

என் கணவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி நிற்பதற்குப் பதிலாக, ரப்பர்ப் பந்து போலத் துள்ளித் துள்ளிக்கொண்டு பக்கவாட்டில் நழுவியது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி சாலையை விட்டு இறங்கி, ஒரு புளிய மரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. பையன் ஆட்டுக்குட்டி ஒன்றை அணைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்கும் இல்லை. ஆனால் வெகு நேரம் வரை யாரும் வாய் திறக்கவில்லை.

பெரியவர் கேட்ட கேள்வி

கீழ்பென்னாத்தூர் வந்ததும் ஒரு பஞ்சர்க் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் வயதானவர். சக்கரத்தைச் சுற்றி வந்து, காலால் ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டு, அளவுபார்க்கும் கேஜை எடுத்து வைத்தார். "50 காட்டுதே! இந்த வண்டிக்கு எவ்வளவு காற்றும்மா வைக்கணும்?" என்று கேட்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். வண்டியின் விலை, வரி, இன்ஷ்யூரன்ஸ், மாதத் தவணை எல்லாம் அவருக்கு மனப்பாடம். இது மட்டும் தெரியாது. கடைசியில் எங்கள் பெண்தான் ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்து, கதவு பொருந்தும் தூணில் ஒட்டியிருந்த சிறு சீட்டைக் கண்டுபிடித்துப் படித்தாள். 33 என்று போட்டிருந்தது. ஒரு மாதமாகத் தினம் திறந்து மூடிய கதவு!

காற்றை அப்போதே இறக்கிவிடச் சொன்னார் என் கணவர். பெரியவர் மறுத்துவிட்டார். "ஓடி வந்த டயர் சூடா இருக்கு சார். சூட்டில் காற்று நாலைந்து பவுண்டு கூடத்தான் காட்டும். நிழலில் நிறுத்தி, டீ சாப்பிட்டுட்டு வாங்க" என்றார். டீ சாப்பிட்டு, புளியோதரையும் சாப்பிட்டு, நெடுநேரம் கழித்துப் பார்த்தபோதும் கேஜ் 46 காட்டியது. இருக்க வேண்டியது 33, இருந்தது 46. இந்த வண்டியில்தான் ஒரு மாதமாகக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அன்று வண்டி நழுவியதற்குக் காற்று ஒன்றேதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஜல்லியும் இருந்தது, வேகமும் சற்று இருந்தது. ஆனால் காற்றைச் சரிசெய்த பிறகு அதே வண்டி, அதே சாலையில் திரும்பி வந்தபோது துள்ளவில்லை. மாமியார் தூங்கிக்கொண்டே வந்தார்.

புது வண்டியில் ஏன் இப்படி?

"புது வண்டியில் காற்று எப்படித் தப்பாக இருக்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். புது வண்டியாக இருப்பதால்தான்! தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் கார் நேரே உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. லாரியிலோ ரயிலிலோ வெகு தூரம் பிரயாணம் செய்கிறது. பிறகு விற்பனையாளரின் கிடங்கில் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் ஒரே இடத்தில் நிற்கிறது. அப்படி நிற்கும் டயர், தரையில் படுகிற இடத்தில் தட்டையாகிவிடக் கூடாதே என்பதற்காகவே பல இடங்களில் அளவுக்கு மேல் காற்று அடைத்து அனுப்புகிறார்கள். வண்டியை உங்களிடம் ஒப்படைப்பதற்கு முன் செய்யும் சோதனையில் அந்த அதிகப்படிக் காற்றைச் சீட்டில் உள்ள அளவுக்கு இறக்க வேண்டும். பெரும்பாலோர் செய்துவிடுகிறார்கள். பண்டிகைச் சமயத்தில் ஒரே நாளில் பல வண்டிகளைக் கொடுக்கும் அவசரத்தில் மறந்தும் போகிறார்கள். மாலையும் ரிப்பனும் கட்ட மறப்பதில்லை!

இதில் இன்னொரு சங்கடம். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் காற்று குறைந்தால் எச்சரிக்க ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறி. எங்கள் வண்டியிலும் இருந்தது. அது ஒரு நாளும் எரியவில்லை. ஏனென்றால் அது பெரும்பாலும் காற்று குறைவதற்காக ஏற்பட்ட விளக்கு. கூடியிருப்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. குறைவிலும் கூட நன்றாகக் குறைந்த பிறகுதான் எரியும். அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு வைத்திருக்கும் வரம்பு, சீட்டில் உள்ள அளவுக்குக் கால் பங்கு குறைவு. அதாவது 33 இருக்க வேண்டிய டயரில் 25-க்கு வந்த பிறகு! ஆகவே விளக்கு எரியாத வரையில் எல்லாம் சரி என்று இருந்துவிடாதீர்கள்.

தபால் கார்டு அளவு

இந்தப் பவுண்டு என்பது என்ன? சமையலறைக்கு வாருங்கள். உங்கள் பிரஷர் குக்கரில் வெயிட் எழும்பி விசில் அடிக்கும்போது உள்ளே சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தம் இருக்கிறது. கார் டயருக்குள் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். குக்கரை எவ்வளவு ஜாக்கிரதையாகக் கையாளுகிறோம்! காஸ்கெட் தேய்ந்திருக்கிறதா, வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறோம். டயரையோ எட்டி உதைத்துப் பார்ப்பதோடு சரி.

வண்டியைத் தாங்குவது ரப்பர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு 300 கிலோ; அதாவது சுமார் 660 பவுண்டு. டயரில் 33 பவுண்டு காற்று இருந்தால், தோராயமாக 20 சதுர அங்குலம் தரையில் படியும். ஒரு தபால் கார்டின் அளவு! நீங்களும் குழந்தைகளும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, பூமியோடு உங்களுக்கு உள்ள சம்பந்தமெல்லாம் நாலு தபால் கார்டுகள்தான்.

காற்று 46 ஆனால் அந்தக் கார்டில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. டயர் நடுவில் உப்பி, நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடுகிறது. நாள்பட்டால் நடுவில் வகிடு எடுத்தாற்போல் தேய்ந்துவிடும். கரடுமுரடான சாலையில் டயர் அமுங்கிக் கொடுக்காமல் துள்ளும். துள்ளுகிற நேரமெல்லாம் பிரேக் இருந்தும் இல்லாதது மாதிரி. பள்ளத்தில் இறங்கினால் விறைத்த டயர் அடியைத் தாங்காமல் வெட்டுப்படவும் கூடும்.

"அப்படியானால் குறைவாகவே வைத்துவிடலாமே, மெத்தென்று இருக்குமே!" என்று தோன்றும். அது இதைவிடப் பெரிய ஆபத்து. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வேகமாக வளைத்துப் பாருங்கள். வளைகிற இடம் சுடும். அதே போல டயரின் பக்கங்கள் சூடேறுகின்றன. கத்திரி வெயிலில், தார்ச் சாலையில், வண்டி நிறைய ஆட்களுடன், மணிக்கணக்காக ஓடினால் அந்தச் சூடு டயரின் அடுக்குகளைப் பிரித்தே விடும். ஓரங்கள் இரண்டும் தேயும்; பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். நாலு டயரிலும் பத்துப் பவுண்டு குறைந்தால் சுமார் இரண்டு சதவீதம் எரிபொருள் வீண் என்று அமெரிக்க அரசாங்கத்தின் கணக்கு சொல்கிறது.

ஒரு தேசத்தையே உலுக்கிய நாலு பவுண்டு

நாலு பவுண்டு முன்னே பின்னே இருந்தால் என்ன என்று அலட்சியம் செய்கிறவர்களுக்கு ஒரு சம்பவம். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை போர்டு கம்பெனியின் எக்ஸ்புளோரர் என்ற வண்டியில் பூட்டியவை. வேகமாகப் போகும்போது டயரின் மேல்பட்டை பிரிந்து கழன்று, வண்டி உருண்டுவிடும். டெக்சாஸ், புளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில்தான் அதிகம். இறந்தவர்கள் 271 பேர் என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு இலாகா கணக்கிட்டது.

கார் கம்பெனி சிபாரிசு செய்திருந்த காற்று 26 பவுண்டு. 30 வைத்திருக்க வேண்டும் என்றது டயர் கம்பெனி. டயரைச் செய்த விதத்தில் கோளாறு என்றது ஒரு தரப்பு. வண்டியின் அமைப்பில் கோளாறு என்றது மறு தரப்பு. வாதங்கள் எப்படியிருந்தாலும், காற்று, வெயில், வேகம், பாரம் ஆகிய நான்கும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் அப்போது கண்டுகொண்டது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதன் பலனாக 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் காற்று எச்சரிக்கை விளக்கு கட்டாயமாயிற்று. அந்தச் சிறிய மஞ்சள் விளக்குக்குப் பின்னால் அத்தனை குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது.

இந்தக் காற்று டயரே ஒரு தகப்பனாரின் அன்பில் பிரபலமானதுதான். 1845-லேயே ராபர்ட் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமை பதிவு செய்திருந்தார், உலகம் மறந்துவிட்டது. பிறகு பெல்பாஸ்ட் நகரில் ஜான் டன்லப் என்ற மாட்டு வைத்தியர், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் கடகடவென்று குலுங்குவதைக் கண்டு, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றிக் கொடுத்தார். 1888-ல் அதற்கு உரிமையும் வாங்கினார். நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்குப் பலூன் செய்து விற்கத் தொடங்கிய மாமன் மாப்பிள்ளையின் தொழில்தான் பிற்காலத்தில் எம்.ஆர்.எப். டயர் கம்பெனியாக வளர்ந்தது. பலூனாக இருந்தாலும் டயராக இருந்தாலும் விஷயம் ஒன்றே: காற்று அளவோடு இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

இது ஆண்பிள்ளைகள் விவகாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். அரிசிக்குத் தண்ணீர் அளக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பிரமாதமில்லை.

முதலாவது, புது வண்டியைப் பெற்றுக்கொள்ளும் இடத்திலேயே கதவுத் தூணில் உள்ள சீட்டைப் படியுங்கள். பல வண்டிகளில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும்: ஆள் குறைவாக இருந்தால் ஓர் அளவு, வண்டி நிறைய ஆளும் மூட்டையும் இருந்தால் ஓர் அளவு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் கூட வித்தியாசம் இருக்கலாம். "என் எதிரில் கேஜ் வைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். பணம் கொடுப்பவர்கள் நீங்கள்.

இரண்டாவது, டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 44, 51 என்று சில டயர்களில் இருக்கும். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச வரம்பு. நீங்கள் வைக்க வேண்டிய அளவு அல்ல. பெட்ரோல் பங்கில், "எல்லா வண்டிக்கும் 35 தாம்மா" என்று தம்பி சொன்னால், சிரித்துக்கொண்டே உங்கள் எண்ணைச் சொல்லுங்கள்.

மூன்றாவது, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பாருங்கள். குறைந்தது மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்றிருக்க வேண்டும். வெப்பம் பத்து டிகிரி சென்டிகிரேடு ஏறினால் காற்று ஏறக்குறைய இரண்டு பவுண்டு ஏறும். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடியிருக்கிறதே என்று இறக்கிவிட்டால், ஆறிய பிறகு குறைந்துபோய்விடும். ஒரு கேஜ் வாங்கிக் காரிலேயே போட்டுவையுங்கள். மூடியைக் கழற்றி, வால்வில் நேராக அழுத்தி, எண்ணைப் படிக்க ஒரு சக்கரத்துக்கு அரை நிமிஷம்.

நான்காவது, மாதம் ஒரு முறை தவறாமல் பாருங்கள். ஓட்டை இல்லாத டயரிலிருந்தும் மாதத்துக்குச் சுமார் ஒரு பவுண்டு காற்று தானாகக் கசியும். நைட்ரஜன் அடைத்திருக்கிறோம் என்று சும்மா இருக்கவும் கூடாது. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். தனி நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், அவ்வளவே. காற்றைச் சரிசெய்த பிறகு, எச்சரிக்கை விளக்கைப் புதிய அளவுக்குப் பழக்கும் பொத்தான் சில வண்டிகளில் உண்டு. கையேட்டைப் பார்த்து அதையும் அழுத்திவிடுங்கள்.

ஐந்தாவது, ஸ்டெப்னியை மறக்காதீர்கள். 1904-ல் வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் பிறந்த உபரிச் சக்கரத்துக்கு அந்தத் தெருவின் பெயரே நிலைத்துவிட்டது. நம் வீடுகளில் அது பெட்டிகளுக்கு அடியில் காற்றில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கும். நடு ராத்திரியில் எடுத்துப் பார்த்தால் அதுவும் பஞ்சர்! ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால், அதற்குப் பெரும்பாலும் 60 பவுண்டு காற்று வேண்டும். அதைப் பூட்டிக்கொண்டு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவும் கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பெண் கேஜை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறாள். அளவுகளை உரக்கப் படிக்கிறாள். மாமியார் திண்ணையில் உட்கார்ந்து, பால் கணக்குக் குறிக்கும் காலண்டரிலேயே அதையும் குறித்து வைக்கிறார். என் கணவரும் அந்த நாலு எண்களை மனப்பாடம் செய்துவிட்டார்.

நீங்களும் புதுக் கார் வாங்கப் போகிறீர்களா? மெத்த சந்தோஷம். நாள் பாருங்கள், தேங்காய் உடையுங்கள், எலுமிச்சம்பழமும் வையுங்கள். பழம் வைக்கக் குனிகிறீர்களே, அப்போதே வால்வின் மூடியைக் கழற்றிக் காற்றையும் ஒரு முறை அளந்துவிடுங்கள்.